அட்டையில்லாத ஸ்பானிய சித்திரக்கதையின் மூலத்தைக் கண்டறிந்த விதம்

பழைய புத்தகக் கட்டு ஒன்றில் கிடைத்த, அட்டையும் முதல் தாள்களும் கிழிந்துபோன ஸ்பானிய சித்திரக்கதை நூலில், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் மிதப்பதைப் பார்த்த கணமே நாயகனை அடையாளம் கண்டுகொண்டேன்; முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இரும்புக்கை மாயாவியை அறிமுகப்படுத்தவா வேண்டும்? ஆனால் இது ஸ்பெயினில் பிறந்த கதையா, அங்கே போய்ச் சேர்ந்த கதையா என்பதுதான் புரியவில்லை.

விடை கட்டங்களுக்குள்ளேயே இருந்தது. பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டங்களே கொண்ட அந்தச் சிறு நூலில், பல கட்டங்களின் கீழ்ப்பகுதி மட்டும் தடித்த, உயிரற்ற கோடுகளால் நீட்டப்பட்டிருந்தது; பெரிய தாளுக்கு வரைந்த படங்களை வேறு யாரோ வெட்டி ஒட்டி நிரப்பியிருக்கிறார்கள் என்பது தெளிவு. சில பக்கங்களுக்கு ஒருமுறை நாயகன் தவறாமல் ஆபத்தில் சிக்குவது வாரத் தொடருக்கே உரிய இலக்கணம். கார்களோ, ஸ்பெயினைப் போல வலப்புறம் அல்லாமல், பிரிட்டனைப் போலச் சாலையின் இடப்புறம் ஓடின.

எனவே பிரிட்டிஷ் வார இதழ்களைத் தேடினேன். 1962 அக்டோபரில் தொடங்கிய 'வேலியன்ட்' இதழின் 'தி ஸ்டீல் கிளா' தொடரில் அதே கட்டங்கள் முழு வடிவில் இருந்தன. கென்னத் புல்மர் எழுதத் தொடங்கிய தொடரை டாம் டல்லி தொடர்ந்தார். ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் அக்கால பிரிட்டிஷ் வார இதழ்களில் பெரும்பாலும் இல்லை (இது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விஷயம்). வரைந்தவர், 'கூட்டோ' என்ற சிறுவனின் கதைகளால் 1940களிலேயே ஸ்பெயினில் புகழ்பெற்றிருந்த, பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பானியர் ஒருவர் லண்டன் இதழுக்கு வரைந்தது, 'ஸார்பா தே அசேரோ' என்ற பெயரில் அவர் நாட்டுக்கே திரும்பியிருக்கிறது. அவருடைய சகோதரர்களும் ஓவியத்தில் கைகொடுத்ததுண்டு என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் அவர் ஒருவர் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.