சனிக்கிழமை புகை, ஞாயிற்றுக்கிழமை தணல்

சிங்கப்பூரில் எங்கள் குடும்பத்தில் தரை வீடு, அதாவது அடுக்குமாடியில் அல்லாத தனி வீடு, வைத்திருப்பவர் அண்ணன் ஒருவர்தான் என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லோரும் அவர் வீட்டுப் பின்கட்டில் கூடுவோம். இருபத்தைந்து பேருக்குக் கறி வாட்டும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது. தொடக்கத்தில் எல்லா வேலையையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி, வந்தவர்கள் விடைபெறும்வரை அடுப்பருகிலேயே நின்று, பெரியம்மாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு திரும்பியிருக்கிறேன். அதனால் இப்போது கறியை மூடிய அடுப்பின் புகையில் மெல்ல வேகவைக்கும், பல மணிநேரம் பிடிக்கும் புகைபோடும் வேலையைச் சனிக்கிழமையே முடித்துவிட்டு, விரைவில் வேகும் உணவுகளை மட்டும் விருந்து நாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

புகைபோடுவதற்கு எலும்போடு கூடிய ஆட்டு முன்னந்தொடையே ஏற்றது. தேக்கா சந்தையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வெட்டாமல் முழுதாகத் தருவார்கள். குடும்பத்தில் முஸ்லிம் உறவினரும் இருந்தால் ஹலால் கறியாகவே வாங்கிவிடுங்கள். எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணலாம். வெள்ளிக்கிழமை இரவே, ஒரு கிலோ கறிக்கு ஏறத்தாழ 15 கிராம் என்ற அளவில் உப்பைத் தேய்த்து, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்புறமும் உலரும். மிளகும் சீரகமும் மல்லியும் ஒன்றிரண்டாகப் பொடித்துக் காலையில் தடவினால் போதும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் தீ மூட்டிவிடுங்கள். நம் ஊரில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. மூடியின்மேல் மழை விழுந்தால் அடுப்பின் வெப்பம் இறங்கிவிடும். அதற்காக அடுப்பைக் கூரையுள்ள கார் நிறுத்துமிடத்துக்கு நகர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம். கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த வெளியில் பெரிய குடை ஒன்றை, தீ எட்டாத உயரத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு. அண்டை வீட்டாரிடம் முன்தினமே சொல்லிவிடுங்கள். அவர்கள் கொடியில் காயும் துணியில் நம் புகை படியக்கூடாது.

மூடியுள்ள உருண்டை அடுப்பின் உள்விளிம்பை ஒட்டி, அச்சுக்கரியை (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகளை) கீழே இரண்டு, மேலே இரண்டு என்று அடுக்கி, வட்டத்தின் முக்கால் பங்குவரை கொண்டுசெல்லுங்கள். தொடக்க முனையில் மட்டும் சில கங்குகளை வைத்தால், தீ பாம்பு ஊர்வதுபோல மெல்ல நகர்ந்து பல மணிநேரம் எரியும். கரி வரிசையின் முற்பாதியில் ஆப்பிள் மரத்துண்டு மூன்று நான்கு வைத்தால் போதுமானது. சாயம் பூசிய பலகையையும் பிசின் மிகுந்த பைன் மரத்தையும் ஒருபோதும் எரிக்கக்கூடாது. நடுவில் நீர் நிரம்பிய தட்டு, அதற்கு மேலே கம்பித்தட்டில் கறி. அடியிலுள்ள காற்றுத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தும் மூடியும் வெப்பத்தை 110 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்துங்கள். மேல் துளை திறந்தே இருக்கட்டும். அடர்ந்த வெள்ளைப் புகை கறியைக் கசக்கச் செய்யும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய நீலப் புகை வரும்வரை காத்திருந்து, அதன்பிறகே கறியை வைக்க வேண்டும்.

கறியின் உள்வெப்பம் 65 முதல் 70 டிகிரியை எட்டியதும் நெடுநேரம் அங்கேயே நிற்கும். மேற்புறத்தில் ஆவியாகும் ஈரம் கறியைக் குளிர்விப்பதே காரணம். பதறிக் கரியைக் கூட்டாமல், அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி மீண்டும் வையுங்கள். இரண்டரைக் கிலோ தொடை 93 டிகிரியை எட்ட ஆறு முதல் எட்டு மணிநேரம் ஆகலாம். தசைநாரிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் அந்த நிலையில்தான் நன்கு உருகியிருக்கும். எலும்பைத் திருகினால் கையோடு வரும். ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் கண்டு வேகவில்லை என்று பெரியவர்கள் தயங்கினால், புகையிலுள்ள வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால் உண்டாகும் நிறம் அது என்று விளக்கிவிடுங்கள்.

அரை மணிநேரம் ஆறியதும் கறியைப் பிய்த்து, வடிந்த சாற்றோடு ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, அடுப்பிலிருந்து எடுத்த இரண்டு மணிநேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் வெக்கையில் இதைத் தள்ளிப்போட முடியாது. மறுநாள் அதே சாற்றோடு மூடி, 75 டிகிரிவரை சூடாக்கினால் கறி உலராது.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சிரட்டைக் கரி போதும். தணலை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவித்துவிட்டால், மறுபாதி பொறுமையாக வேகும் இடமாகிவிடும். சைவம் உண்பவர்களுக்கான கத்தரிக்காய், சோளம், தௌஹு (சோயாக் கட்டி) ஆகியவற்றைச் சுத்தமான கம்பித்தட்டில் முதலில் வாட்டி எடுப்பது என் வழக்கம். அவர்களைக் கடைசிவரை காக்கவைப்பது முறையல்ல. கோழித்தொடை தணலில்லாத பக்கத்தில் 74 டிகிரிவரை வெந்தபின், தோல் முறுகுவதற்கு மட்டும் தணலுக்கு மேல் வரட்டும். திருக்கை மீனை வாழையிலையில் வைத்து, பாதி வெந்தபின் சம்பல் என்னும் மிளகாய் விழுதைப் பூசுங்கள். முன்பே பூசினால் அதிலுள்ள சர்க்கரை கருகிவிடும்.

அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் கரியடுப்பு மூட்டக்கூடாது. தரை வீட்டு உறவினர் இல்லாதவர்கள் ஈஸ்ட் கோஸ்ட் அல்லது பாசிர் ரிஸ் பூங்காவின் அடுப்புமேடையைத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்து, இந்த ஞாயிற்றுக்கிழமைப் பகுதியை மட்டும் செய்யலாம்.

எல்லோரும் சென்றபின் அடுப்பின் துளைகளை முழுவதும் மூடிவிடுங்கள். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கங்கு நெடுநேரம் உயிரோடிருக்கும். மறுநாள் நீர் ஊற்றிக் கிளறி, கைக்குக் குளிர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.