மூன்று புள்ளியில் தொலையும் தோட்டப் பெயர்: வலைப்பக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையில் இடம் போதாத நீளப் பெயரை வெட்டி மூன்று புள்ளி (…) வைப்பது வலைப்பக்க வழக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளை அப்படிக் கைப்பேசித் திரையில் பட்டியலிட்டுப் பாருங்கள். எல்பில் தோட்டப் பள்ளி எது, டோவன்பி தோட்டப் பள்ளி எது என்று தெரியாது. இரண்டின் மலாய்ப் பெயரும் ‘செக்கோலா ஜெனிஸ் கெபாங்சான் (தமிழ்) லாடாங்’ என்றே தொடங்கும். ரூமியில் (மலாயின் லத்தீன் எழுத்தில்) எண்ணினால், தோட்டத்தின் பெயர் வருவதற்குள் இடைவெளியோடு 40 எழுத்து போய்விடும். 30-இல் வெட்டிப் புள்ளி வைத்தால் எல்லா வரியும் ஒன்றுதான். கோயில்களும் அப்படியே, ‘அருள்மிகு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்’ இல்லாத தோட்டம் எது? வெட்டும் முன் சுருக்குங்கள்: ‘எஸ்.ஜே.கே.(டி) லாடாங் எல்பில்’. கோயிலானால் தோட்டப் பெயர் முதலில் வரட்டும். திருவிழா நாள், நேரம், கட்டணம் இவற்றில் புள்ளி வைக்கவே கூடாது.

எழுத்தை எண்ணி வெட்டுவது அடுத்த தவறு. ‘தோட்டம்’ நமக்கு 4 எழுத்து. வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு 7, ஏனென்றால் துணையெழுத்தும் மெய்யெழுத்தின் புள்ளியும் அதற்குத் தனித்தனி. 3-இல் வெட்டினால் ‘தோட’, 6-இல் வெட்டினால் ‘தோட்டம’. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதே சொல் 21 பைட். சேவையக நிரல்மொழியான பிஎச்பியில் வெட்டும் கட்டளை ‘சப்ஸ்டர்’ பைட்டை எண்ணுவதால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம்கூட வரும். நிரலில் வெட்டியே ஆகவேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்ட்ல்.செக்மென்டர்’ கொண்டு முழு எழுத்தாகப் பிரித்து வெட்டுங்கள்.

முடிந்தவரை வெட்டுவதை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விடுவதே மேல். உரை முழுதாகவே இருக்கும். பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானும் முழுதாகப் படிக்கும். ஆனால் மூன்று புள்ளி வைக்கும் ‘டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ: எலிப்சிஸ்’ தனியாக ஒன்றும் செய்யாது. மிஞ்சியதை மறைக்கும் ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’, வரியை மடக்காத ‘ஒயிட்-ஸ்பேஸ்: நோரேப்’ இரண்டும் வேண்டும், பெட்டிக்கு அகல வரம்பும் வேண்டும். இவ்வளவும் எழுதியும் புள்ளி வரவில்லையா? அதைச் சுற்றியுள்ள பெட்டி ஃபிளெக்ஸ் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) பிள்ளையாக இருக்கும். ‘ஓவர்ஃப்ளோ’ மாற்றாத ஃபிளெக்ஸ் பிள்ளை தன்னுள் இருக்கும் உரையைவிடக் குறுகாது. அந்தச் சுற்றுப்பெட்டிக்கு ‘மின்-விட்த்: 0’ கொடுங்கள். பலர் அரைநாளைத் தொலைப்பது இங்கேதான்.

இரண்டு மூன்று வரிக்குப் பின் வெட்ட ‘வெப்கிட்-லைன்-கிளாம்ப்’. அந்தப் பெட்டிக்கே கீழ்ப் பேடிங் (உள்ளிடைவெளி) வைத்தால் மறைய வேண்டிய அடுத்த வரி அதில் எட்டிப்பார்க்கும். பேடிங்கை வெளிப்பெட்டிக்கு மாற்றுங்கள். வரி உயரம் 1.2 என்று நெருக்கினால் ‘ஸ்ரீ’யின் வால் வெட்டுப்படலாம், 1.6 வைத்துப் பாருங்கள்.

முழுப்பெயரை ‘டைட்டில்’ பண்பில் ஒளித்துவைப்பதும் வீண். அது சுட்டியை (மவுஸ்) மேலே வைத்தால்தான் தெரியும். வாட்ஸ்அப் இணைப்பைக் கைப்பேசியில் திறப்பவரிடம் சுட்டி ஏது? தொட்டால் விரியும் ‘மேலும்’ பொத்தானை வையுங்கள்.