அரிய பிரித்தானிய இசைப்பதிவுகளைப் பகிர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்தானிய இசையமைப்பாளர் ஹேவர்கல் பிரையன் 32 சிம்பொனிகள் எழுதியவர். அவற்றில் ஒன்றை ஆர்கெஸ்ட்ரா வாசிக்க அவர் முதன்முதலாகக் கேட்டது 1954இல், தம் 78ஆம் வயதில். பிபிசியில் பணியாற்றிய இசையமைப்பாளர் ராபர்ட் சிம்ப்சனின் முயற்சியால் எட்டாம் சிம்பொனி ஒலிபரப்பானது. ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்திய நடத்துநர் ஏட்ரியன் போல்ட். பிரையன் 1972இல் மறையும்வரை அவருடைய சிம்பொனி ஒன்றுகூட இசைத்தட்டாகக் கடைக்கு வரவில்லை. அந்த ஆண்டு பதிவான பத்தாம், இருபத்தோராம் சிம்பொனிகளின் தட்டு அவர் இறந்த பிறகே வெளியானது. அதை வாசித்தவர்கள் லெஸ்டர்ஷயர் பள்ளி மாணவர்களின் ஆர்கெஸ்ட்ரா!

இப்படிப்பட்ட இசையமைப்பாளர்களை நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள், வானொலிக்கு அருகே டேப் ரெக்கார்டரை வைத்துக் காத்திருந்த ரசிகர்கள். ஒலிபரப்பு நிறுவனங்கள் பல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டன. வீட்டில் பதிந்த பிரதி மட்டுமே மிஞ்சிய நிகழ்ச்சிகள் உண்டு. அந்தப் பிரதிகளைப் பகிர்வது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அக்கறையில்லாமல் பகிர்ந்தால், காப்பாற்ற நினைத்த இசைக்கே கேடு வந்து சேரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பதிவின் அடையாளத்தைத் தொலைப்பது. 1970களின் பிற்பகுதியிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் அமெரிக்காவில் ஏரீஸ் என்ற பெயரில் இசைத்தட்டுகள் வந்தன. பிரையனின் சிம்பொனிகள் பல அதில் இருந்தன. அவை பிபிசி ஒலிபரப்பிலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்டவை. உண்மை வெளியே தெரியாமல் இருக்க, கற்பனை நடத்துநர்களின் பெயர்களையும் கற்பனை ஆர்கெஸ்ட்ராக்களின் பெயர்களையும் உறையில் அச்சிட்டார்கள். உண்மையில் வாசித்த கலைஞர்களுக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. வாங்கிய ரசிகரோ, வேறு நாட்டில் வேறு குழு புதிதாக வாசித்திருக்கிறது என்று நம்பினார். பிறகு ஆய்வாளர்கள் ஒவ்வொரு தட்டையும் கால அளவு பார்த்து, இருமல் சத்தத்தைக்கூட ஒப்பிட்டு, எந்த ஒலிபரப்பு என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்றும் ஒருவர் அந்தத் தட்டை மின்வடிவாக்கி, உறையில் உள்ள பொய்ப் பெயரையே கோப்புக்கு இட்டுப் பகிர்ந்தால், அந்த மோசடிக்குப் புது ஆயுள் கொடுக்கிறார்.

ஆகவே பகிரும் முன் எழுத வேண்டியவை: படைப்பு, நடத்தியவர், ஆர்கெஸ்ட்ரா, தனிக்கலைஞர்கள், அரங்கம், நாள், பதிவு கிடைத்த வழி. ‘பிரையன், கோதிக் சிம்பொனி, நேரடி நிகழ்ச்சி’ என்று மட்டும் எழுதினால் எந்த நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வது? 1961இல் பிரையன் ஃபேர்ஃபாக்ஸ் நடத்தியதா, 1966இல் போல்ட் நடத்தியதா, 1980இல் ஓலே ஷ்மித் நடத்தியதா, 2011இல் மார்ட்டின் பிராபின்ஸ் நடத்தியதா? எண்களிலும் குழப்பம் இருக்கிறது. கோதிக் முதலில் இரண்டாம் சிம்பொனி என்றே அச்சானது. 1967இல் பிரையன் எண்களை மாற்றி அமைத்த பிறகுதான் அது முதலாம் சிம்பொனி ஆனது. பழைய நாடாப் பெட்டியில் ‘எண் 2’ என்றிருந்தால் எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது.

சரிபார்க்க வழி இருக்கிறது. ரேடியோ டைம்ஸ் இதழின் பழைய நிகழ்ச்சி நிரல்களை 1923 முதல் தேடிப் பார்க்கும்படி பிபிசி ஜீனோம் என்ற திட்டத்தில் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். நாளும் நடத்துநர் பெயரும் பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். நிரலில் அச்சான பிறகு கடைசி நேரத்தில் நடத்துநர் மாறியிருக்கலாம். அந்த இடத்தில் அறிவிப்பாளரின் குரல்தான் சாட்சி. அதனால்தான் அறிவிப்பை வெட்டி எறிவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இசை மட்டும் போதும் என்பவருக்குத் தனிக் கோப்பு தரலாம்; மூலத்தில் அறிவிப்பும் கைதட்டலும் இருக்கட்டும். உறுதியாகத் தெரியாத விவரத்தை ஊகம் என்றே குறிப்பிடுங்கள். துணிந்து எழுதிய ஊகம் பத்து இடங்களில் படியெடுக்கப்பட்டதும் வரலாறாகிவிடும்.

அடுத்தது ஒலியைக் கெடுப்பது. வீட்டு நாடாக்கள் பல, சரியான வேகத்தில் ஓடாத கருவியில் பதிவானவை. நான்கு சதவீதம் வேகம் கூடினால் சுருதி, ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். 50 நிமிடச் சிம்பொனி 48 நிமிடமாகச் சுருங்கும். வேறு பதிவே இல்லாத படைப்பென்றால், கேட்பவர் அதையே இசையமைப்பாளர் விரும்பிய வேகம் என்று எண்ணிக்கொள்வார். ஸ்கோரில் (அச்சிட்ட இசைக்குறிப்பில்) உள்ள சுருதியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால் இரைச்சலோடு வயலின்களின் மினுக்கமும் போய்விடும். கைபடாத பிரதி ஒன்றை எப்போதும் ஒதுக்கி வையுங்கள். தகவலை இழந்து சுருங்கிய எம்பி3 கோப்பை, இழப்பின்றிச் சேமிக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றி ‘இழப்பற்ற தரம்’ என்று பகிர்வது ஏமாற்று. போன தகவல் திரும்பி வராது.

‘இது எங்கும் கிடைக்காது’ என்று பழைய நினைவை வைத்துச் சொல்வது இன்னொரு தவறு. போல்ட் நடத்திய 1966 கோதிக் பல ஆண்டுகள் கள்ளப் பிரதியாகத்தான் உலவியது. 2009இல் டெஸ்டமென்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை முறையாக வெளியிட்டது. லிரிடா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கதை இதைவிட முக்கியமானது. அதைத் தொடங்கிய ரிச்சர்ட் இட்டர், பக்கிங்ஹாம்ஷயரில் பர்ன்ஹாம் ஊரில் இருந்த தம் வீட்டில் 1952 முதல் 1996 வரை வானொலியிலிருந்து பதிந்துகொண்டே இருந்தார். அவர் மறைந்த 2014 முதல், அவருடைய அறக்கட்டளை பிபிசியோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் ஒப்பந்தம் செய்து அவற்றைக் குறுந்தட்டுகளாக்கி வருகிறது. இந்த வகை வெளியீடுகளை வாங்குவோர் சிலரே. அந்தச் சிலரும் இலவசக் கோப்பைத் தேடிப் போய்விட்டால் அடுத்த தட்டு வராது. முறையான வெளியீடு வந்த அன்றே நீங்கள் பகிர்ந்த பிரதியை நீக்கிவிடுங்கள். எங்கே வாங்கலாம் என்ற குறிப்பை அந்த இடத்தில் வையுங்கள்.

பதிப்புரிமையில் பெரும்பாலோர் சறுக்குவது, இசைக்கும் பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு என்பதை மறப்பதால். இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டரில் பிறந்தவர். இறந்தோருக்கான இசையாக அவர் எழுதிய ‘உலக ரெக்வியம்’ 1923 முதல் 1926 வரை, முதல் உலகப்போரின் போர்நிறுத்த நினைவு நாள்களில் லண்டனில் ஒலித்தது, பிறகு மறக்கப்பட்டது. இந்தியாவுக்கு வந்து அகில இந்திய வானொலியில் பணியாற்றிய அவர், 1939இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். பிரிட்டனில் படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும். ஆகவே ஃபோல்ட்ஸின் இசை 2009 முடிவோடு பொதுவுடைமையானது. ஆனால் நடத்துநர் சகாரி ஓராமோவும் பர்மிங்ஹாம் ஆர்கெஸ்ட்ராவும் இந்த நூற்றாண்டில் செய்த பதிவுகள் அப்படி அல்ல. பிரையன் விஷயத்தில் பழைய பதிவின் உரிமை முடிந்திருந்தாலும், இசையின் உரிமை 2042 முடிவுவரை இருக்கிறது. இன்னொரு இசையமைப்பாளரான மொரன் முடிக்காமல் விட்ட இரண்டாம் சிம்பொனியை மார்ட்டின் யேட்ஸ் நிறைவுசெய்தார். அந்த உழைப்புக்கும் உரிமை உண்டு. நாட்டுக்கு நாடு காலக்கெடுவும் வேறு. பிரிட்டனில் 1963க்கு முன் வெளியான பதிவுகளுக்குப் பதிவுரிமை முடிந்துவிட்டது. அமெரிக்காவிலோ 2018இல் வந்த சட்டப்படி, 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டுகள் காப்பு. ஒரு நாட்டில் செல்லும் விளக்கத்தை எல்லா நாட்டுக்கும் நீட்ட முடியாது.

அனுமதி கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று பயந்து கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். மறக்கப்பட்ட இசையமைப்பாளரின் வாரிசுகளுக்கு, யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதுவதே பெரிய செய்தி. பிரையனுக்கு 1974 முதல் தனிச் சங்கமே இருக்கிறது. அடையாளம் தெரியாத நாடா கையில் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

மின்வடிவாக்கம் முடிந்ததும் நாடாவைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. நாளை இதைவிட நல்ல கருவியில் மறுபடி எடுக்க வேண்டிவரும். பெட்டியின் மேலிருக்கும் கையெழுத்தைப் படமெடுத்துக் கோப்போடு சேருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், வேறு எங்கும் இல்லாத நாடாவா என்று பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.