பழைய ஆர்கேட் ஸ்டிக்குக்குப் புதிய கேபிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆர்கேட் ஸ்டிக் (நெம்புகோலும் பொத்தான்களும் பொருத்திய, வீடியோ விளையாட்டுக்கான பெட்டி) ஒன்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் கேபிள்தான். நெம்புகோலும் பொத்தான்களும் அடி தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. கேபிளோ பெட்டியை விட்டு வெளியேறும் இடத்தில் மடிந்து மடிந்து ஒருநாள் உள்ளுக்குள் அறுந்துவிடுகிறது. கொழும்பில் அதற்குரிய அசல் கேபிளைத் தேடி அலைபவர்கள் கடைசியில் வந்து நிற்பது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில். அங்கே கைக்குக் கிடைப்பது பழைய கணினிகளுக்கான ஒன்பது முனைச் சீரியல் கேபிள். அதன் பிளக் கொன்சோலில், அதாவது விளையாட்டுக் கருவியில், பொருந்திவிடுகிறது என்பதால் வேலை பாதி முடிந்ததாக எண்ணுவதே முதல் தவறு.

1977இல் வந்த அடாரி 2600 கொன்சோல் பயன்படுத்திய ஒன்பது முனை டி வடிவப் பிளக்கைப் பின்னர் கொமடோர் 64, எம்எஸ்எக்ஸ், அமிகா ஆகிய வீட்டுக் கணினிகளும் சேகா மெகா டிரைவ் கொன்சோலும் எடுத்துக்கொண்டன. 1 முதல் 4 வரையிலான முனைகள் இவை எல்லாவற்றிலும் முறையே மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு திசைகளே. ஒற்றுமை அத்துடன் நின்றுவிடுகிறது. அடாரியில் 5 வோல்ட் மின்சாரம் 7ஆம் முனையில் வருகிறது. மெகா டிரைவிலும் எம்எஸ்எக்ஸிலும் அது 5ஆம் முனையில் வருகிறது. மெகா டிரைவில் 7ஆம் முனை, எந்தப் பொத்தான் தொகுதியைப் படிப்பது என்று கொன்சோல் ஸ்டிக்குக்குச் சொல்லும் தெரிவுக் கம்பியாகும். எம்எஸ்எக்ஸில் அதே முனை இரண்டாவது பொத்தானாகும். எம்எஸ்எக்ஸுக்காகச் செய்யப்பட்ட ஸ்டிக்கில் பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கம்பி 8ஆம் முனைக்குப் போகிறது, அடாரியில் 8ஆம் முனை தரை, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. ஆகவே அந்த ஸ்டிக்கை அடாரியில் செருகி இரண்டாவது பொத்தானை அழுத்தினால், 5 வோல்ட்டைத் தரையுடன் நேரடியாக இணைத்துவிடுகிறீர்கள். பொத்தானை அழுத்தும் வரை எந்தக் குறையும் தெரியாது என்பதுதான் இதில் மோசமான பகுதி.

கொமடோர் 64இல் ஆபத்து வேறு வகையானது. அங்கே ஜோய்ஸ்டிக் கம்பிகள் விசைப்பலகையுடன் பகிரப்பட்டு 6526 என்ற சிப்புக்குச் செல்கின்றன. அது எதிர்பார்ப்பது கம்பியைத் தரையுடன் இணைக்கும் வெறும் சுவிட்சைத்தான். மெகா டிரைவ் ஸ்டிக்கினுள்ளே பொதுவாக 74எச்சி157 வகைச் சிப் ஒன்று இருந்து தானாகவே மின்னழுத்தத்தை வெளியே தள்ளுவதால், இரண்டு சிப்புகளும் ஒரே கம்பியில் மோத வேண்டிவருகிறது. அந்தப் பழைய சிப்பைக் காப்பாற்ற விரும்புகிறவர் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கக் கூடாது.

பதினைந்து முனைப் பிளக்கிலும் இதே கதைதான். நியோ ஜியோ ஏஇஎஸ் கொன்சோலுக்கான ஸ்டிக்கின் பிளக்கும், பழைய கணினியில் ஜோய்ஸ்டிக் செருகும் கேம் போர்ட்டும் ஒரே அளவானவை. நியோ ஜியோவில் 1ஆம் முனை பொதுத்தரை, 4உம் 5உம் முறையே டி, பி பொத்தான்கள். கேம் போர்ட்டிலோ 1 என்பது 5 வோல்ட், 4உம் 5உம் தரை. நேருக்கு நேர் இணைத்துவிட்டு டி பொத்தானையோ பி பொத்தானையோ அழுத்தினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

சீரியல் கேபிளுக்கு மீண்டும் வருவோம், ஏனெனில் நான் நேரடியாக மாட்டிக்கொண்டது அதில்தான். அடாரி வகை ஸ்டிக் ஒன்றுக்காகச் சீரியல் கேபிளொன்றை வாங்கி, ஒரு பக்கத்துப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீற்றரால் முனைக்கு முனை சரிபார்த்தே ஈயம் பற்றவைத்தேன். விளையாட்டில் நெம்புகோலை மேலே தள்ளியபோதெல்லாம் துப்பாக்கியும் சேர்ந்து சுட்டது. ஸ்டிக்கைப் பிரித்துச் சுவிட்சுகளைத் துடைத்தேன், பற்றவைப்புகளைப் புதுப்பித்தேன், ஒன்றும் மாறவில்லை. இரண்டு மாலைகள் கழிந்த பிறகுதான், வெட்டாமல் விட்ட பிளக்கின் 1ஆம் முனையிலும் 6ஆம் முனையிலும் மீற்றரின் கம்பிகளை ஒருசேர வைத்துப் பார்த்தேன். பீப் என்றது, அதாவது இரண்டும் இணைந்திருந்தன. இரண்டு கணினிகளை நேரடியாக இணைப்பதற்கான நல் மோடம் கேபிள் அது. அவற்றில் பலவற்றில் 1உம் 6உம் பிளக்கின் கூட்டுக்குள்ளேயே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். ஸ்டிக்கில் 1 மேல்திசை, 6 சுடும் பொத்தான். நான் செய்த சோதனை, ஒவ்வொரு கம்பியும் தன் முனைக்குப் போகிறதா என்பது மட்டுமே. அது வேறெந்த முனைக்கும் போகவில்லை என்பதையும் சோதித்திருக்க வேண்டும். ஒன்பது முனைகளுக்கு முப்பத்தாறு சோடிகள் வருகின்றன. சலிப்பான வேலைதான், ஆனாலும் இரண்டு மாலைகளை விடக் குறைவு.

வெட்டாமல் நீட்டிப்புக் கேபிளாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு நல் மோடம் இன்னும் மோசமானது. 2உம் 3உம், 4உம் 6உம், 7உம் 8உம் அதில் குறுக்கே மாறியிருக்கும். தரைக்கம்பியே இடம் மாறிவிடுவதால் ஸ்டிக் சீராக இயங்க வழியில்லை. மலிவான நீட்டிப்புக் கேபிள்கள் சிலவற்றில் ஒன்பது முனைகள் இருந்தும் உள்ளே ஆறேழு கம்பிகளே ஓடுகின்றன. மெகா டிரைவில் ஸ்டார்ட் பொத்தானும் சி பொத்தானும் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் 9ஆம் முனையின் கம்பியே இல்லையோ என்று பாருங்கள். பிளக்கின் இருபுறமும் உள்ள திருகாணிகளும் தடித்த கூடும் கொன்சோலின் குழிவான வாயில் இடிப்பதுண்டு. அழுத்தித் திணிக்காமல் கூட்டைச் செதுக்குவதே நல்லது.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்தும் யோசனை பலருக்கு வருகிறது. அதில் எட்டுக் கம்பிகள். மெகா டிரைவ் ஸ்டிக்குக்கோ ஒன்பதும் வேண்டும். சுவருக்குள் பதிக்கும் வகையில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைச் செப்பு இழையாக இருப்பதால், மடியில் வைத்து விளையாடும் பொருளில் அது விரைவில் முறிந்துவிடும். பல மெல்லிய இழைகள் சேர்ந்த கேபிளையே தேடுங்கள்.

கம்பியின் நிறத்தை நம்புவது இன்னொரு பெருந்தவறு. சிவப்பு மின்சாரம், கறுப்பு தரை என்பதெல்லாம் பழக்கமே தவிர, எந்தத் தயாரிப்பாளரையும் கட்டுப்படுத்திய விதி அல்ல. இணையத்தில் கிடைக்கும் நிற அட்டவணை, அதை எழுதியவரின் மேசையில் இருந்த ஸ்டிக்குக்கு மட்டுமே உரியது. முனைகளை எண்ணும் திசையும் இதே போல் ஏமாற்றும். பிளக்கின் முகத்தைப் பார்த்து வரைந்த படத்தை வைத்துக்கொண்டு, ஈயம் வைக்கும் பின்புறத்தில் எண்ணினால் எல்லாமே கண்ணாடிப் பிம்பமாக மாறி, 1 இருக்க வேண்டிய இடத்தில் 5உம் 6இன் இடத்தில் 9உம் வந்துவிடும். பெரும்பாலான டி வடிவப் பிளக்குகளில் ஒவ்வொரு முனையின் அருகிலும் எண் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

பழைய கேபிளையே குறுக்கி மீண்டும் பயன்படுத்துகிறவர்கள் செம்பின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு கேபிளை உரித்தபோது, உறைக்குள்ளே இழைகள் கரியைப் போல் கறுத்திருந்தன. ஈயம் அதன்மேல் உருண்டோடியதே தவிர ஒட்டவில்லை. கால் மீற்றர் வரை வெட்டிக்கொண்டே போனேன், அதற்குப் பிறகுதான் பளபளப்பான செம்பு வந்தது. கறுத்த இழையில் ஈயம் பிடிக்கவில்லை என்று சூட்டைக் கூட்டிக்கொண்டே போவது உறையை உருக்குமே அன்றி இணைப்பைத் தராது. சூடாக்கினால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஈயம் வைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒருமுறையாவது மறந்திருப்பார்கள். பொத்தான்களையும் சேர்த்து மாற்றுவதாயின், சன்வா நிறுவனத்தின் பொத்தான்களுக்கு 2.8 மில்லிமீற்றர் கவ்விகளும் ஹாப் வகைச் சுவிட்சுகளுக்கு 4.8 மில்லிமீற்றர் கவ்விகளும் வேண்டும் என்பதைக் கடைக்குப் போகுமுன் நினைவில் வைத்திருங்கள்.

வெறும் பிளக்கை மாற்றினால் ஸ்டிக் வேறு கொன்சோலின் மொழியைப் பேசும் என்று நம்புவது பணத்தை வீணாக்கும் தவறு. நின்டெண்டோ என்இஎஸ் எட்டுப் பொத்தான்களின் நிலையை 4021 என்ற சிப் வழியாக ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. அடாரியில் ஒவ்வொரு திசைக்கும் தனிக் கம்பி. இரண்டுக்கும் இடையில் மொழிபெயர்க்கும் சிப் இல்லாத கேபிள் எதையும் மாற்றாது. பிளேஸ்டேஷனில் கூடுதல் கவனம் வேண்டும்: அதன் 5ஆம் முனையில் வருவது ஏறத்தாழ 3.5 வோல்ட், ஆனால் 3ஆம் முனையில் அதிர்வு மோட்டாருக்கென்று சுமார் 7.5 வோல்ட் காத்திருக்கிறது. முனைகளை மறுபுறமாக எண்ணாவிட்டாலும், ஒரே ஓர் இடம் தவறி எண்ணினாலே ஸ்டிக்கின் சுற்றுப்பலகை போய்விடும். இதற்கு நேர்மாறாக, 2001ஆம் ஆண்டின் முதல் எக்ஸ்பொக்ஸ் பிளக் விசித்திரமான உருவம் கொண்டிருந்தாலும் உள்ளே ஓடுவது யூஎஸ்பி சமிக்ஞைதான். அங்கே கேபிளை மட்டும் மாற்றிக் கணினியில் இணைக்க முடியும், வழக்கமாக மஞ்சள் நிறத்தில் வரும் கூடுதல் கம்பியை விட்டுவிட்டால் போதும்.

கேபிள் பெட்டியை விட்டு வெளியேறும் துளையில் இறப்பர் வளையம் ஒன்றும், உட்புறத்தில் இறுக்கிய கேபிள் டை ஒன்றும் இருக்கட்டும். இழுவை ஈய இணைப்புக்குப் போகக் கூடாது.

கொன்சோலில் செருகுமுன் மீற்றரின் ஒரு கம்பியை நீங்கள் இணைக்கப்போகும் கொன்சோலின் மின்சார முனையிலும் மற்றொன்றைத் தரை முனையிலும் வைத்துக்கொண்டு, நான்கு திசைகளையும் எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஏதேனும் ஒன்றில் பீப் ஒலித்தால் செருக வேண்டாம், மறுபடியும் பெட்டியைத் திறவுங்கள். அறுத்தெடுத்த அசல் கேபிளையும் வீசிவிடாமல் ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை திறப்பவருக்கு எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.