ஷாங்காய் புதோங் விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போவது எப்படி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஷாங்காய்க்கு முதன்முறையாகப் புறப்படும் நண்பர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, புதோங்கில் இறங்கியவுடன் அந்த அதிவேகக் காந்த ரயிலில் ஏறிவிடலாமா என்பதைத்தான். தாராளமாக ஏறலாம். ஆனால் விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரை எந்த வண்டியிலும் சிரமமில்லாமல் கடந்துவிட முடியும் என்பதையும், பெட்டிகளை இழுத்துக்கொண்டு விடுதி வாசலைத் தேடும் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் பயணி களைத்துப்போகிறார் என்பதையும் நான் அங்கே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே வண்டியை முதலில் தேர்ந்தெடுக்காமல், விடுதி வாசலிலிருந்து பின்னோக்கி யோசித்து முடிவெடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். விசா, குடியேற்றச் சோதனை, பெட்டிகளை எடுப்பது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: விடுதியின் முகவரியைச் சீன எழுத்தில், தாளில் வைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைப் பலர் ஒரு நிமிட வேலையாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்; நான் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். முன்பதிவுத் தளத்தில் ஆங்கிலத்தில் காணப்படும் விடுதிப் பெயர் பல நேரங்களில் ஷாங்காய் டாக்சி ஓட்டுநருக்கு எந்தப் பொருளும் தராது. சங்கிலி விடுதி என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஒரே பெயரில் நகரெங்கும் பல கிளைகள் இருக்கும், அவற்றில் இரண்டு ஒரே சாலையின் இரு முனைகளிலும் இருக்கக்கூடும். எனவே விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பி, கிளையின் பெயரோடு கூடிய முழுப் பெயர், சாலைப் பெயரும் கதவு எண்ணும் கொண்ட முகவரி, வரவேற்பு மேசையின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் சீன எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள்: அருகில் குறுக்கிடும் சாலை எது என்பது. ஷாங்காயில் இடம் சொல்லும் வழக்கமே அதுதான். கதவு எண்ணைக் காட்டினால் யோசிக்கும் ஓட்டுநர், ஹெனான் நடுச் சாலையில் தியான்ஜின் சாலை முனை என்று தெரிந்தால் உடனே தலையசைத்து வண்டியை எடுத்துவிடுவார். சாலைப் பெயருக்குள் வரும் கிழக்கு, நடு, மேற்கு என்னும் சொற்களையும் விட்டுவிடக் கூடாது. நான்ஜிங் கிழக்குச் சாலையும் நான்ஜிங் மேற்குச் சாலையும் ஒரே நெடுஞ்சாலையின் இரு பகுதிகள், தவறான பகுதியில் இறங்கினால் பெட்டியோடு நடக்க முடியாத தூரம்.

இவை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படமாகச் சேமித்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஓட்டுநர் கைப்பேசியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்தைப் பெரிதாக்க விரலை வைக்கும்போது படம் நகர்ந்து உங்கள் குடும்பப் புகைப்படத்துக்குப் போய்விடும். அதைத் திரும்ப எடுத்துக் கொடுப்பதற்குள் பின்னால் நிற்கும் வண்டிகள் ஒலியெழுப்பத் தொடங்கிவிடும். தாள் என்றால் அவர் அதை வாங்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு தாமே விடுதிக்கு அழைத்துப் பேசிக்கொள்வார்.

படி 2: வரைபடத்தை இப்போதே சரிபாருங்கள்

கூகுள் சேவைகள் சீன இணைய இணைப்பில் இயங்குவதில்லை. உங்கள் நாட்டு சிம்மில் ரோமிங் இருந்தால் திறக்கும் என்றாலும், கூகுள் வரைபடத்தை அங்கே நம்பாதீர்கள். சீன விதிமுறைப்படி வரைபடங்கள் தனியொரு ஆயத்தொலை முறையில் வரையப்படுவதால், செயற்கைக்கோள் காட்டும் இடத்துக்கும் வரைபடத்தில் விழும் புள்ளிக்கும் இடையே சில நூறு மீட்டர் விலகல் வந்துவிடுகிறது. ஐபோன் வைத்திருப்போருக்கு ஆப்பிள் வரைபடம் அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆமாப் செயலி. ஆங்கில வடிவம் உண்டு, மெட்ரோ நிலையத்தின் எந்த எண் வாயிலில் வெளியேற வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

வாயில் எண்ணைக் குறித்துக்கொள்வது மிக முக்கியம். நகர மையத்திலுள்ள மக்கள் சதுக்க நிலையத்தில் மூன்று மெட்ரோ தடங்கள் சந்திக்கின்றன, ஏறத்தாழ இருபது வாயில்கள் இருக்கின்றன. தவறான வாயிலில் மேலே வந்தால் அகலமான சாலையைச் சுற்றிக் கடக்க வேண்டியிருக்கும். விடுதிக்கு அருகிலுள்ள நிலையத்தின் பெயர், வாயில் எண், அங்கிருந்து நடக்க வேண்டிய தூரம் ஆகிய மூன்றையும் அதே தாளின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: எதைக் கொண்டு பணம் செலுத்தப் போகிறீர்கள்?

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை வாசகர்களுக்கு இது எளிது. புறப்படும் முன்பே அலிபே செயலியை நிறுவி, கடவுச்சீட்டு விவரத்தைப் பதிந்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி வந்து சேரும் எண் கையில் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். 200 யுவானுக்கு உட்பட்ட கட்டணத்துக்குக் கூடுதல் தொகை இல்லை; அதைத் தாண்டினால் 3 விழுக்காடு சேர்த்துப் பிடிப்பார்கள். மெட்ரோ வாயிலில் காட்டும் க்யூஆர் குறியீடு, டிடி வாடகை வண்டிச் சேவை இரண்டுமே அலிபேக்குள் இருப்பதால் வேறு செயலி தேவைப்படாது. வீசாட் என்னும் மற்றொரு சீனச் செயலியிலும் இவற்றைச் செய்யலாம், ஆனால் புதியவருக்கு அலிபேதான் எளிது என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவிலிருந்து செல்வோரின் நிலை வேறு. வீசாட்டும் அலிபேயும் 2020இல் இந்திய அரசு தடை செய்த செயலிகளின் பட்டியலில் இருக்கின்றன. யுபிஐயும் அங்கே உதவாது. ஆகவே உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் குறைந்தது 600 யுவான் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள், அதில் 10, 20 யுவான் நோட்டுகளையும் கேட்டுப் பெறுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகவே திறந்திருக்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதை அட்டைக்காரரே இயக்கிக்கொள்ள வேண்டும். இவற்றைச் செய்துவிட்டால் மெட்ரோ, காந்த ரயில், டாக்சி மூன்றிலும் ரொக்கத்தைக் கொண்டே விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். செயலி இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

படி 4: கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

விமானம் தரையிறங்கும் நேரத்தோடு ஒன்றேகால் மணி நேரத்தைக் கூட்டுங்கள். அதுதான் நீங்கள் உண்மையில் வெளியே நிற்கும் நேரம். அது இரவு ஒன்பதரைக்கு மேல் என்றால் காந்த ரயிலையும், பத்தரைக்கு மேல் என்றால் மெட்ரோவையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு நேரே டாக்சி வரிசைக்குப் போங்கள். பகலிலோ மாலையிலோ வருவோருக்கு மட்டுமே இனி வரும் ஒப்பீடு.

மெட்ரோ 2ஆம் தடம் விமான நிலையத்திலேயே தொடங்குவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். லூஜியாசுய், நான்ஜிங் கிழக்குச் சாலை, மக்கள் சதுக்கம், ஜிங்ஆன் கோயில் என்று பயணிகள் தங்கும் முக்கியப் பகுதிகள் எல்லாம் இதே தடத்தில் வரிசையாக வருகின்றன. மக்கள் சதுக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், கட்டணம் 7 யுவான் அளவில்தான். தானியங்கி இயந்திரத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, தடத்தைத் தொட்டு, நிலையத்தைத் தொட்டால் ஓர் அட்டை வரும். நுழையும்போது அதை வாயிலின் மேல் வைத்து எடுத்துவிட வேண்டும். வெளியேறும்போது துளைக்குள் செருகிவிட வேண்டும், அட்டை திரும்பி வராது. உள்ளே போகுமுன் பெட்டிகள் அனைத்தையும் ஊடுகதிர் சோதனைக்கு வைப்பார்கள். மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை ஜாங்ஜியாங் தொழில்நுட்பப் பூங்கா ஊழியர்கள் நகரை நோக்கி ஏறுவதால், அந்த நேரத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு இதில் போக வேண்டாம்.

காந்த ரயில் 30 கிலோமீட்டரை எட்டு நிமிடங்களில் கடக்கிறது. முன்பு மணிக்கு 431 கிலோமீட்டர் வரை ஓடியது, 2021 முதல் 300 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. கட்டணம் 50 யுவான். அன்றைய விமானப் பயணச்சீட்டைக் காட்டினால் 40. இதில் கவனிக்க வேண்டியது, அது முடியும் லோங்யாங் சாலை நிலையம் நகர மையத்தில் இல்லை என்பதே. அங்கே இறங்கி, படியேறி இறங்கி, மீண்டும் அதே 2ஆம் தடத்தைத்தான் பிடிக்க வேண்டும். மக்கள் சதுக்கத்துக்கு அங்கிருந்து ஏழு நிறுத்தங்கள். அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் முழுப் பயணத்தில் மிச்சமாவது ஏறக்குறைய இருபது நிமிடங்கள்தான். அந்த வேகத்தை ஒருமுறை அனுபவிக்க வேண்டும் என்பவர்கள் அவசியம் ஏறுங்கள், அது உண்மையிலேயே அருமையான பயணம். லோங்யாங் சாலையில் சந்திக்கும் 7, 16, 18 ஆகிய தடங்களின் அருகில் தங்குவோருக்கு இதுவே சிறந்த வழியும்கூட.

டாக்சியில் நகர மையத்துக்கு ஏறத்தாழ 200 யுவான் ஆகும், நெரிசலைப் பொறுத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். இரவு பதினொன்றுக்கு மேல் கட்டணம் கூடும். வருகைக் கூடத்தில் அருகில் வந்து டாக்சி வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல், அறிவிப்புப் பலகையைப் பின்பற்றி அதிகாரபூர்வ வரிசையில் நில்லுங்கள். மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள், இறங்கும்போது அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியை மறந்துவிட்டால் வண்டியைக் கண்டுபிடிக்க அந்த ரசீது ஒன்றே ஆதாரம். இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. மூன்று பேர், முதியவர், கைக்குழந்தை என்ற நிலையில் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன்.

ஆனால் விடுதி நான்ஜிங் கிழக்குச் சாலையின் நடைபாதைப் பகுதியில் இருந்தால் டாக்சியின் வசதியே குறைந்துவிடுகிறது. அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஓட்டுநர் பக்கத்துத் தெருவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், வாசலை நீங்கள்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட விடுதிக்கு 7 யுவான் மெட்ரோ உங்களை இன்னும் அருகிலேயே கொண்டுபோய் விடும். கடைசி ஒரு கிலோமீட்டரிலிருந்து யோசிக்கச் சொன்னது இதனால்தான்.

பின்சேர்க்கை 1: டிடி வண்டியை அழைத்த வாசகர் ஒருவர், ஓட்டுநர் சீனத்தில் ஏதோ கேட்டுவிட்டு வண்டியை எடுக்காமலே இருந்தார் என்று எழுதியிருந்தார். ஓட்டுநர் கேட்பது பெரும்பாலும் நீங்கள் பதிவு செய்த கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத்தான். பயணி சரியானவரா என்று உறுதிசெய்துகொள்ளும் முறை அது. அந்த இலக்கங்களைத் திரையில் பெரிதாகத் தட்டிக் காட்டினால் போதும். வண்டி வந்து நிற்கும் இடம் டாக்சி வரிசை அன்று, வாகன நிறுத்தக் கட்டடம். செயலி காட்டும் தளத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகே வண்டியை அழையுங்கள்.

பின்சேர்க்கை 2: யிவூ சந்தைக்குச் சரக்கு வாங்கப் போகும் வணிகர்கள் பலர், ஷாங்காயில் தங்காமல் யிவூ ரயிலைப் பிடிக்க நேரே ஹோங்ச்சியாவ் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியைக் கேட்கிறார்கள். 2024 டிசம்பர் 27 அன்று திறக்கப்பட்ட விமான நிலைய இணைப்பு ரயில், புதோங்கிலிருந்து ஷாங்காயின் மற்றொரு விமான நிலையமான ஹோங்ச்சியாவ் விமான நிலையத்தின் 2ஆம் முனையத்துக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடங்களில் 26 யுவானுக்குக் கொண்டுபோய் விடுகிறது. அதிவேக ரயில் நிலையம் அங்கிருந்து கட்டடத்துக்குள்ளேயே நடந்து போகும் தொலைவுதான். 2ஆம் தடத்தில் நகரின் குறுக்கே போவதைவிட இது எவ்வளவோ மேல். ரயில் சீட்டு உங்கள் கடவுச்சீட்டு எண்ணில்தான் பதிவாகும் என்பதால், கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.