பழைய ரூட்டர் கெடக்கா? காசை எங்க போடணும், எங்க போடக் கூடாது

பட்டறை மூலையில பழைய கை ரூட்டர் (மரத்துல பள்ளமும் ஓரமும் வெட்டுற மிஷின்) ஒண்ணு தூசி புடிச்சுக் கெடக்கு, இதை சரி பண்ணவா இல்ல புதுசு வாங்கவான்னு நெறைய பேரு கேக்காங்க. என் பதில் ஒண்ணுதான் அண்ணாச்சி, முதல்ல மோட்டார் தண்டையும், அது நுனியில பிட்டைக் (வெட்டுற முனை) கவ்விப் புடிக்குற காலெட்டையும் பாருங்க. கார்பன் (மோட்டாருக்குக் கரண்டைக் கடத்துற கட்டி), சுவிட்சு, ஒயர், பேரிங்கு எல்லாம் கடையில வாங்கிக்கிடலாம், மோட்டார் எரிஞ்சா கூட வைண்டிங் கடை இருக்கு, ஆனா தண்டு நுனியில காலெட் உக்காருத அந்த சரிவு தேஞ்சு போச்சுன்னா அந்த மிஷினுக்கு மேக்கொண்டு ஒத்த ரூவா போடாதீங்க.

பாக்குறது எப்படின்னா, பிளக்கை உருவிட்டு நேரான புது பிட்டு ஒண்ணை மாட்டுங்க, டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் முள்ளால காட்டுற கருவி) இருந்தா பிட்டு தண்டுல வச்சு கையால மெதுவா சுத்துங்க, முள்ளு 0.05 மில்லிமீட்டருக்குள்ள ஆடுனா அருமை, 0.1க்கு மேல போச்சுன்னா எங்கயோ கோளாறு. கேஜ் இல்லாதவங்க பிட்டை ஒட்டி ஒரு மரக்கட்டையை கிளாம்ப் போட்டு நடுவுல ஒரு பேப்பர் துண்டை வச்சு சுத்திப் பாருங்க, ஒரு பக்கம் புடிச்சு மறுபக்கம் லூசா வந்தா ஆட்டம் இருக்குன்னு அர்த்தம். அடுத்து காலெட்டைக் கழட்டிட்டு சரிவுக்குள்ளயே கேஜ் முள்ளை வைங்க, அங்க ஆட்டம் இல்லன்னா குத்தவாளி காலெட்டுதான், அது மாத்துற சாமான். பிட்டைப் புடிச்சு பக்கவாட்டுல ஆட்டும்போதே லொடலொடன்னா பேரிங்கு.

காலெட்டை வாங்குறதுக்கு முன்னாடி ஒருக்கா சுத்தம் பண்ணிப் பாருங்க. பாதி காலெட்டு தேஞ்சதே கெடையாது, பிசினும் கருகுன தூளும் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், தின்னர்ல ஊறப் போட்டு பித்தளை பிரஷ்ஷால தேச்சா புதுசாட்டம் ஆயிரும், எமரி பேப்பர் மட்டும் போட்டுறாதீங்க. அப்புறம் நம்ம ஊர்ல அடிக்கடி நடக்குற சோலி ஒண்ணு, ரெண்டு நூல் பிட்டும் 6 எம்எம் பிட்டும் ஒண்ணுதான்னு நெனச்சு மாத்தி மாட்டுறது. ரெண்டு நூல்னா கால் இஞ்சு, 6.35 எம்எம், நாலு நூல்னா அரை இஞ்சு, 12.7 எம்எம், 12 எம்எம் இல்ல. பெரிய ஓட்டையில சின்ன தண்டை வச்சு எவ்வளவு முறுக்குனாலும் ஓடுறப்ப பிட்டு கீழ எறங்கும், பள்ளம் ஆழமாயிட்டே போவும், சமயத்துல கழண்டு பறக்கும். பிட்டை அடிவரைக்கும் இடிச்சு வைக்காம 2, 3 மில்லிமீட்டர் மேல தூக்கி வச்சு டைட் பண்ணணும். பிட்டு இல்லாம வெறும் காலெட்டை முறுக்கவே கூடாது, அது நசுங்கிரும்.

தண்டு பாஸ் ஆயிட்டா பேரிங்கைப் பாருங்க. ரூட்டர் நிமிஷத்துக்கு 20,000 சுத்துக்கு மேல ஓடுத மிஷின், அதுக்குள்ள மரத்தூளும் போவுது, அதனால பேரிங்கு போறது சகஜம். கையில சுத்தும்போது மண்ணு அரைக்குற மாதிரி நறநறன்னா மாத்திருங்க. நம்பர் பேரிங்கு பக்கவாட்டுலயே இருக்கும், நெறைய மிஷின்ல மேல 608 (உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, கனம் 7), கீழ அதை விட பெருசா ஒண்ணு. நம்பர் மட்டும் சொல்லி வாங்காதீங்க, பின்னாடி இருக்குற எழுத்தையும் பாருங்க. தூசி போவாதுன்னு கடைக்காரர் ரப்பர் சீல் போட்ட 2ஆர்எஸ் எடுத்துத் தருவாரு, அந்த சீல் உள்வளையத்தை உரசிக்கிட்டே இருக்குறதால பெரிய பேரிங்குல இந்த வேகத்துக்கு சூடாகும், பழையதுல என்ன இருந்துச்சோ அதே வகைதான் சரி. புதுசை ஏத்தும்போது உள்வளையத்துல மட்டும் குழாய் துண்டை வச்சுத் தட்டணும், வெளி வளையத்துல அடிச்சா குண்டு தடம் விழுந்து புது பேரிங்கே ஊளையிடும்.

கார்பன் சங்கதி சுருக்கமா: 5, 6 மில்லிமீட்டருக்குக் கீழ வந்தா ரெண்டையும் சேத்து மாத்துங்க. அதே சைஸ் கெடைக்கலன்னா கொஞ்சம் பெருசை வாங்கி கண்ணாடி மேல மண்ணு பேப்பரை விரிச்சு தேச்சுக்கிடலாம், கூட்டுக்குள்ள தானா வழுக்கி எறங்கணும், ஆடவும் கூடாது. மாட்டுன பொறவு லோடு இல்லாம அஞ்சு பத்து நிமிஷம் ஓட விடுங்க, கார்பன் முனை வளைஞ்சு கம்யூட்டேட்டரோட (கார்பன் உரசுற, செம்புக் கட்டை அடுக்குன உருளை) பதிஞ்சுரும். கம்யூட்டேட்டர் ஒரே சீரா காப்பி கலர்ல இருந்தா கையே வைக்காதீங்க. ஒண்ணு ரெண்டு கட்டை மட்டும் கருகிருந்தா ஆர்மேச்சர் (மோட்டாரோட சுத்துற பாகம்) வைண்டிங்ல கோளாறு, வைண்டிங் கடைக்குப் போயிருங்க. செம்புக் கட்டைகளுக்கு நடுவுல கார்பன் தூள் அடைச்சிருந்தா உடைஞ்ச ஆக்ஸா பிளேடு துண்டால மெதுவா கீறி எடுங்க.

2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள்ள வந்தப்ப தண்ணிக்குள்ள கெடந்த மிஷின் இன்னும் சில பட்டறையில அப்படியே இருக்கு. அதுல பாதியைக் காப்பாத்தலாம். ஒரு தடவை ஓடுதான்னு பாப்போம்னு மட்டும் கரண்ட் குடுத்துறாதீங்க. முழுசா கழட்டி, ஆர்மேச்சர்லயும் அதைச் சுத்தி அசையாம இருக்குற பீல்டு காயில்லயும் இருக்குற சேத்தை நல்ல தண்ணி விட்டே கழுவுங்க, ஏற்கனவே நனைஞ்சதுதான, சேறுதான் மோசம், அது ஈரத்தை இழுத்து வச்சுக்கிடும். பொறவு ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள 60 வாட் குண்டு பல்பை எரிய விட்டு, அட்டையில பல்பு படாம பாத்து, காத்து போக ஓட்டை போட்டு, ரெண்டு மூணு நாள் காய வைங்க, பக்கத்துல ஆள் இருக்கும்போது மட்டும் எரியட்டும். பேரிங்கு ரெண்டையும் யோசிக்காம மாத்திருங்க. வைண்டிங் கடையில 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசியுதான்னு பாக்குற மீட்டர்) வச்சுப் பாக்கச் சொல்லுங்க, 1 மெகாஓமுக்குக் கீழ காட்டுனா திரும்பக் காயணும், நல்லா ஏறுன பொறவுதான் கரண்ட்.

மொத கரண்டையும் நேரா குடுக்காம சீரிஸ்ல குடுங்க. பிட்டைக் கழட்டிட்டு, 200 வாட் குண்டு பல்பு, பெரிய மிஷின்னா 750 வாட் அயர்ன் பாக்ஸ், அதை லைன்ல சீரிஸா போட்டு சுவிட்சை அமுக்குங்க. தண்டு மெதுவா சுத்துனா உயிர் இருக்கு, பல்பு முழுசா எரிஞ்சும் தண்டு அசையலன்னா ஷார்ட்டு இல்லன்னா ஜாம், பல்பே எரியலன்னா ஒயரோ சுவிட்சோ கார்பனோ தொடல. ஸ்பீடு டயல் உள்ள மிஷின்ல மட்டும் இந்த டெஸ்ட் சரியா காட்டாது.

இனி மாத்தி அமைக்குறது. மொதல்ல அடித்தட்டு. பழசு கீறி, ஓரம் உடைஞ்சு, மைக்கா மேல கோடு போடும், அதைக் கழட்டி 6 எம்எம் ஹைலம் ஷீட்டு (கெட்டியான பிசின் தகடு) மேல வச்சு ஓட்டைகளைக் குறிச்சு துளை போட்டு ஸ்க்ரூ தலை உள்ள எறங்குற மாதிரி குழிச்சுட்டா ஆச்சு, நடு ஓட்டையை மட்டும் மிஷினை மாட்டி அதுல இருக்குற பிட்டாலயே எறக்கி எடுங்க, அப்பதான் மையம் சரியா வரும். இதே தட்டை ஒரு பக்கம் ஒரு முழம் நீட்டி விட்டு ஆணி அடிச்சா வட்டம் வெட்டுற ஜிக்கு, இன்னொரு தட்டை ஒரு பக்கமா அகலமாக்கி கைப்புடி போட்டா கதவு ஓரம் ஓட்டும்போது மிஷின் சாயாது. ரெண்டுக்கும் சேத்தே செலவு கொஞ்சம்தான்.

ஆனா பழைய ரூட்டருக்கு நல்ல எடம் டேபிளுக்கு அடியிலதான், இதை நான் அடிச்சுச் சொல்லுவேன். கையில புடிச்சா கனமா இருக்கும், மிஷின் ஏறி எறங்குற பிளஞ்ச் தூண் தேஞ்சு ஒரு பக்கம் சிக்கும், கைப்புடி உடைஞ்சிருக்கும், தலைகீழா மாட்டிட்டா இதுல ஒண்ணும் பிரச்சினையே இல்ல. 19 எம்எம் பிளைவுட் ரெண்டை ஒட்டி மேல மைக்கா போட்டு, நடுவுல 6 எம்எம் அலுமினியத் தட்டுல மிஷினைத் தொங்க விடுங்க. பிளஞ்ச் ஸ்பிரிங்கைக் கழட்டிருங்க, அது தலைகீழா இருக்கும்போது நமக்கு எதிராத்தான் தள்ளும். அடியில பழைய இரும்புக் கடையில கெடைக்குற கார் ஜாக்கி ஒண்ணை பலகையோட போல்ட் போட்டு நிறுத்துனா ஒசரத்தை நூல் புடிச்ச மாதிரி ஏத்தி எறக்கலாம், ஒசரம் வச்ச பொறவு தூண் லாக்கைப் போட மறக்கப்படாது. சுவிட்சு மேஜை முன்னாடி கைக்கு எட்டுற எடத்துல வரணும், கரண்டு போயி வந்தா தானா ஓடாத வகையா பாத்து வாங்குங்க, நம்ம பக்கம் கரண்டு போறது புதுசா என்ன. டேபிள்ல மரத்தை வலதுலேருந்து இடதுக்குத் தள்ளணும், மாத்தித் தள்ளுனா கையோட சேத்து இழுத்துட்டுப் போயிரும்.

பேனல் பிட்டு (கதவு பலகை ஓரத்தைச் சரிவா எடுக்குற பெரிய பிட்டு) போடுறவங்களுக்கு: 80 எம்எம் பிட்டு 22,000ல சுத்துனா ஓரம் செகண்டுக்கு 90 மீட்டருக்கு மேல ஓடுது, அதை 10,000, 12,000க்குக் கொறைக்காம தொடாதீங்க. பழைய ஒத்த ஸ்பீடு மிஷினுக்கு வெளிய வேகத்தைக் கொறைக்குற டிரையாக் கண்ட்ரோலர் போடலாம், மோட்டார் கார்பன் வச்ச மோட்டார்தான், ஏத்துக்கிடும். 1,500 வாட்டுன்னா 6.5 ஆம்பியர் இழுக்கும், பேன் ரெகுலேட்டர் ஒரு நிமிஷத்துல புகைஞ்சுரும். ஆன்லைன்ல 4,000 வாட்டுன்னு போட்டு விக்கிற சின்ன போர்டுல ஹீட் சிங்க் கட்டை விரல் அளவுதான் இருக்கும், அந்த எண்ணுல பாதியை மட்டும் நம்புங்க. வேகம் கொறைஞ்சா பலமும் கொறையும், அதனால ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல எடுக்காதீங்க. பழைய வீட்டுப் பனங்கட்டை வைரமா இருக்கும், அதுக்கு இன்னும் கொறைச்சு. மிஷின்லயே ஸ்பீடு டயல் இருந்தா வெளி கண்ட்ரோலர் வேண்டாம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கெடுக்கும்.

ஆர்மேச்சரும் போயி தண்டும் போன மிஷினைக் கூட எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி காலெட் நட்டு, ஸ்பேனர், பென்ஸ் ராடு (ஓரத் தடுப்பை மாட்டுற கம்பி), கார்பன் மூடி, தூண் லாக்கு எல்லாத்தையும் கழட்டி ஒரு டப்பாவுல போட்டு மாடல் நம்பரை எழுதி வச்சுக்கிடுங்க, அந்த சாமானெல்லாம் தனியா கேட்டா கடையில கைய விரிச்சுருவாங்க.