பழைய ஸ்பீக்கரா, புது ஸ்பீக்கரா? முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள்

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால், சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருவதுதான் "நல்லா இருக்கே" என்று தோன்றும். பழைய பெரிய பெட்டிகள் பலவும் அதே வாட்டில் அதிகச் சத்தம் தரும். புதியதில் சத்தம் 3 டெசிபல் குறைந்தாலே, அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு பவர் தர வேண்டும். அதனால் பிங்க் நாய்ஸை (தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எல்லாம் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனின் டெசிபல் மீட்டர் ஆப்பால் அளந்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுவரிலிருந்து தூரமும் ஒன்றாக இருக்கட்டும். சுவரை ஒட்டினால் பேஸ் வீங்கிவிடும்.

அப்புறம், பழையதில் கோனை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால், மாற்றும்வரை ஒப்பிடவே வேண்டாம். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டான கிராஸ்ஓவரின் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களும் காய்ந்திருக்கலாம். அதனால் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) மங்கி ஒலிப்பதைத்தான் சிலர் "அந்தக் கால இனிமை" என்று கொண்டாடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!